களச்சூழலியல் வேலைக்கு வர நினைப்பவர்களுக்கு: ஏரிக்கரையில் தொடங்குங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு இந்தக் கேள்வியும் வரத் தொடங்கிவிடும்: "எனக்குக் காடு, விலங்கு என்றால் உயிர். அதையே வேலையாக எடுத்துக்கொள்ள என்ன படிக்க வேண்டும்?" கேட்பவர் மாணவராக இருப்பார், ஐ.டி. வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கும் முப்பது வயதுக்காரராகவும் இருப்பார். இருவருக்கும் என் பதில் ஒன்றுதான். படிப்பைப் பிறகு பார்ப்போம். உங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வரும் தூரத்தில் ஏரியோ கண்மாயோ கோயில்காடோ இருக்கிறதா, அதை முதலில் சொல்லுங்கள்.

தட்டிக்கழிப்பதற்காக இதைச் சொல்வதில்லை. களச்சூழலியல் என்பது ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய், ஒரே முறையில் எண்ணி, எழுதி, அந்த எண்களை வைத்து ஒரு கேள்விக்கு விடை தேடுகிற வேலை. விலங்கைப் பார்க்கிற சந்தோஷம் அதில் உண்டு, ஆனால் கொஞ்சம்தான். புலி ஆய்வில் மாதக்கணக்காக இருந்துவிட்டு, புலியை நேரில் பார்க்காமலேயே ஊர் திரும்பியவர்கள் நிறையப் பேர். அவர்கள் பார்த்ததெல்லாம் எச்சம், கால்தடம், கேமராவில் விழுந்த படம். இப்படியொரு வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள வனவிலங்கு நிறுவனம் இருக்கும் டேராடூன் வரை போகத் தேவையில்லை, ஊர் ஏரியே போதும்.

துறைக்குள் மூன்று வழிகள் இருக்கின்றன. ஆய்வு, பாதுகாப்பு, கற்பித்தல். வெளியிலிருந்து பார்த்தால் தனித்தனி வேலைகளாகத் தெரியும். உள்ளே வந்தால் ஒரே ஆள் காலையில் கணக்கெடுத்துவிட்டு, மதியம் ஊராட்சித் தலைவரிடம் பேசிவிட்டு, சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருப்பார். எனவே எந்த வழி என்று இப்போதே முடிவு செய்ய அவசியமில்லை.

முதல் படி: ஒரு நீர்நிலை, ஒரு நோட்டு, ஒரு வருடம்

இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாரம் ஒருமுறை, முடிந்தால் அதே கிழமை, விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் அங்கே இருங்கள். கரையில் ஒரே பாதையில் நடங்கள். நோட்டில் பறவைப் பெயரை எழுதுவதற்கு முன் தேதி, தொடங்கிய நேரம், வானிலை, காற்று, நீர்மட்டம், உடன் வந்தவர்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள். கிளம்பும்போது முடித்த நேரம். பென்சில் வைத்துக்கொள்ளுங்கள், மழையில் பேனா மை கரைந்துவிடும்.

நேரத்தை எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. போன வாரம் பன்னிரண்டு முக்குளிப்பான், இந்த வாரம் முப்பது என்று எழுதியிருந்தால் அது கூடியிருக்கிறதா? போன வாரம் அரை மணி நேரமும் இந்த வாரம் இரண்டு மணி நேரமும் பார்த்திருந்தால் அந்த எண்களை வைத்து எதுவும் சொல்ல முடியாது. எவ்வளவு முயற்சி போட்டு எண்ணினோம் என்ற குறிப்பு இல்லாத எண்ணிக்கை ஆய்வுக்கு உதவாது. அதேபோல, போன மாதம் இருந்த ஊசிவால் வாத்து இந்த வாரம் இல்லையென்றால், 'இல்லை' என்றும் எழுத வேண்டும். புதிதாக வருபவர்கள் விட்டுவிடுவது பெரும்பாலும் இதைத்தான்.

கூட்டமாக இருக்கும் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பிடித்துக்கொண்டு, மொத்தக் கூட்டத்தில் அப்படி எத்தனை இருக்கிறது என்று பாருங்கள். கூட்டம் ஆயிரத்தைத் தாண்டினால் நூறு நூறாக. முதல் இரண்டு மாதம் ஆளுக்கு ஆள் எண்ணிக்கை எக்கச்சக்கமாக வேறுபடும். இருவர் தனித்தனியே எண்ணி, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். மெதுவாக ஒரு கட்டுக்குள் வந்துவிடும்.

ஒரு வருடம் ஏன்? புரட்டாசி, ஐப்பசியில் வலசைப் பறவைகள் வரத் தொடங்கும். தகைவிலான் கம்பியில் வரிசையாக உட்காரும், வாலாட்டி வயல் வரப்பில் ஓடும், கிளுவையும் நீலச்சிறகு வாத்தும் ஏரியில் இறங்கும். பங்குனி வாக்கில் அவை கிளம்பிவிடும். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பினால் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் கூடு கட்டும், நிரம்பாத வருடத்தில் அது குறையும். இந்தச் சுற்று முழுவதையும் ஒருமுறை பார்த்தால்தான் உங்களுக்கே கேள்விகள் தோன்றும். கரையில் கருவேலம் வெட்டிய பிறகு உண்ணிக்கொக்கு எங்கே அடைகிறது? ஆகாயத்தாமரை படர்ந்த பக்கம் இலைக்கோழி கூடுகிறதா, முக்குளிப்பான் குறைகிறதா? நேர்முகத் தேர்வில் "உங்களுக்கு என்ன கேள்வியில் ஆர்வம்?" என்று கேட்கும்போது இப்படிப்பட்ட ஒன்றைச் சொல்பவருக்கும் "யானைதான் பிடிக்கும்" என்று சொல்பவருக்கும் உள்ள வித்தியாசம் எதிரே இருப்பவர்களுக்குச் சட்டென்று தெரிந்துவிடும்.

பைனாகுலர் வாங்குவதென்றால் 8×42 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். அதிகம் பெரிதாக்கிக் காட்டுவது நல்லது என்று 12, 16 என்று வாங்கினால் கை நடுக்கத்தில் எதுவும் தெரியாது. கேமராவுக்கு அவசரமே இல்லை. சொல்லப்போனால் முதல் வருடம் கேமரா இல்லாமல் இருப்பதே நல்லது என்பது என் கட்சி. படம் எடுப்பவர் நல்ல வெளிச்சத்தில் நிற்கும் ஒரு பறவையையே பார்த்துக்கொண்டிருப்பார், மற்ற நானூறு அவர் கணக்கில் வராது.

எழுதியதை ஈபேர்டு செயலியில் ஏற்றுங்கள். பூச்சி, செடி, தவளை என்றால் ஐநேச்சுரலிஸ்ட். பெயர் தெரியாவிட்டால் அங்கே யாராவது சொல்லித்தருவார்கள். நோட்டையும் விட்டுவிடாதீர்கள், செயலியில் எழுத இடமில்லாத விஷயங்கள்தான் பிற்பாடு கேள்வியாக மாறும்.

இரண்டாம் படி: ஆட்களோடு சேருங்கள்

தனியாகக் கற்றுக்கொள்வதில் ஒரு எல்லைக்கு மேல் போக முடியாது. குரல் கேட்டே பறவையைச் சொல்கிறவர் பக்கத்தில் நான்கு காலை நடந்தால் கிடைப்பது புத்தகத்தில் கிடைக்காது.

பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு, புதுச்சேரி முழுவதும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 15 நிமிடம் நின்று பார்த்து எழுதத் தெரிந்த யாரும் கலந்துகொள்ளலாம். அதே ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு. 1987-லிருந்து நடந்துவரும் இதில் உங்கள் ஏரியின் பெயர் இல்லையென்றால் சேர்க்க வேண்டியவர் நீங்கள்தான். சென்னையில் இருப்பவர்களுக்கு 1978-ல் தொடங்கிய மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி இருக்கிறது. மற்ற ஊர்களிலும் ஞாயிற்றுக்கிழமை காலை நடைபோடும் குழு ஒன்று இல்லாமல் இராது. வனத்துறையும் சரணாலயங்களில் பறவை, வரையாடு கணக்கெடுப்புகளுக்குத் தன்னார்வலர்களை அவ்வப்போது அழைக்கிறது. மாவட்ட வன அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்து வைத்தால் அழைப்பு வரும்.

சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர்கள் நடத்திவரும் ஆமை நடை, நான் பார்த்தவரை புதியவர்களுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த பயிற்சி. ஜனவரியிலிருந்து சில மாதங்கள், பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலத்தில், நள்ளிரவில் கிளம்பி விடியும் வரை மணலில் நடக்க வேண்டும். ஆமையின் தடத்தைக் கண்டுபிடித்து, கூடு எங்கே என்று குச்சியால் மெதுவாகத் தேடி, நூறு அல்லது அதற்கு மேல் இருக்கும் முட்டைகளை எடுத்து, குழியின் ஆழத்தையும் அகலத்தையும் அளந்து, பொரிப்பகத்தில் அதே அளவில் குழி தோண்டி வைப்பார்கள். 45 முதல் 60 நாளில் குஞ்சு வெளியே வரும். பல இரவுகள் ஒன்றுமே கிடைக்காது. செத்து ஒதுங்கிய ஆமையை அளந்து குறித்துக்கொண்டு நடப்பதும் உண்டு. தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, வெறும் மணலைப் பார்த்து நடந்துவிட்டு, அடுத்த வாரமும் போகத் தோன்றுகிறவருக்கு இந்த வேலை ஒத்துவரும்.

ஒரு எச்சரிக்கை. 'வைல்டுலைஃப் வாலண்டியர்', 'இன்டர்ன்ஷிப்' என்று பணம் வாங்கிக்கொண்டு காட்டுக்கு அழைத்துப்போகிற ஏற்பாடுகள் பெருகிவிட்டன. தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் செலவைக் கேட்பது நியாயம். அதற்கு மேல் ஆயிரக்கணக்கில் கேட்டால் அது சுற்றுலா. சுற்றுலாவாகப் போய்வாருங்கள், அனுபவச் சான்று என்று எண்ணி ஏமாற வேண்டாம்.

மூன்றாம் படி: படிப்பு

இளங்கலையில் விலங்கியல், தாவரவியல், வனவியல், சூழலறிவியல் எதுவும் சரி. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் பி.எஸ்சி. வனவியல் இருக்கிறது. உதகை அரசு கலைக் கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் படிக்கலாம். வகுப்பறைக்கு வெளியே வந்தால் சோலைக்காடு என்ற வசதி வேறு எந்தக் கல்லூரிக்கு இருக்கிறது? முதுகலைக்கு மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியின் எம்.எஸ்சி. வனவிலங்கு உயிரியல். நாட்டின் பல ஆய்வு நிலையங்களில் அங்கே படித்தவர்கள் இருக்கிறார்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சூழலியல், சுற்றுச்சூழல் அறிவியல் துறைக்கு முதுகலைக்கான கியூட் தேர்வு எழுத வேண்டும்.

தேசிய அளவில் போட்டி மிகுந்தவை இரண்டு. டேராடூனில் 1982-ல் தொடங்கப்பட்ட இந்திய வனவிலங்கு நிறுவனம் ஒன்று. கோவை ஆனைகட்டியில் இருக்கும் சாலிம் அலி பறவையியல் மையமும் இப்போது அதன் ஒரு பகுதி. மற்றொன்று பெங்களூருவில் என்.சி.பி.எஸ். என்கிற தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் வளாகத்தில் 2004 முதல் நடக்கும் வனவிலங்கு உயிரியல் முதுகலை. இதற்குச் சேர்க்கை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான், இடங்களும் மிகக் குறைவு. எந்தப் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம் என்பதால் பொறியாளர்கள், மருத்துவர்கள்கூட இதன் வழியாகத் துறைக்குள் வந்திருக்கிறார்கள். நுழைவுத் தேர்வைத் தாண்டினால் நேர்முகம். அங்கே உங்கள் நோட்டு பேசும்.

இங்கெல்லாம் இடம் கிடைக்காவிட்டால் துறையே மூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பக்கத்து ஊர்க் கல்லூரியில் எம்.எஸ்சி. விலங்கியல் சேர்ந்து, ஆய்வுத் திட்டத்தை மட்டும் களத்தில் செய்யுங்கள். பேராசிரியர் ஆய்வகத்தில் மீன் செதிலை எண்ணச் சொல்லலாம். "சார், ஊர் ஏரியில் செய்கிறேன், மூன்று வருடத் தரவு இருக்கிறது" என்று நீங்கள் சொன்னால் மறுக்க அவருக்கும் காரணம் இருக்காது.

படிக்கும்போதே கற்றுக்கொள்ள வேண்டியவை மூன்று. முதலாவது புள்ளியியல். இதைக் கண்டு ஓடித்தான் பலர் உயிரியல் எடுத்திருப்பார்கள், இங்கே வந்தும் அது விடாது. ஆர் என்ற மென்பொருள் இலவசம், அதில் உங்கள் ஏரித் தரவை வைத்தே பழகலாம். இரண்டாவது வரைபடம். கியூஜிஐஎஸ், அதுவும் இலவசம். மூன்றாவது எழுத்து. ஆங்கிலத்தில் ஒரு பக்கம் தெளிவாக எழுதத் தெரியாததால் நல்ல களப்பணியாளர்கள் பின்தங்கிப் போவதை நிறையப் பார்க்கலாம். அதேபோல் தமிழில் ஒரு பக்கம் எழுதத் தெரியாததால் நல்ல ஆய்வு ஊருக்குள் போய்ச் சேராமல் நின்றுவிடுகிறது. இரண்டும் வேண்டும்.

ஆய்வு உதவித்தொகைக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட் உயிர் அறிவியல் தாள் வழக்கமான வழி. கேட் தேர்வில் சூழலியலும் பரிணாமமும் என்று தனித் தாளே இருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை.

நான்காம் படி: முதல் களவேலை

பட்டம் கையில் வந்ததும் கிடைப்பது திட்ட உதவியாளர், கள உதவியாளர் வேலைகள். ஆறு மாதமோ ஒரு வருடமோ. மைசூருவின் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை, பெங்களூருவின் ஏட்ரீ ஆய்வு நிறுவனம், கோத்தகிரியின் கீஸ்டோன் அறக்கட்டளை, ஆனைகட்டி மையம் என்று பல இடங்களில் அறிவிப்பு வரும். அறிவிப்புக்காகக் காத்திருக்காமல் ஆய்வாளருக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்புவதும் உண்டு. "மதிப்பிற்குரிய ஐயா, எனக்குச் சிறு வயது முதலே இயற்கை மீது" என்று தொடங்கும் கடிதம் அவருக்கு நாள்தோறும் வருகிறது. அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்து, அதைப் பற்றி ஒரு கேள்வியும், உங்கள் ஏரித் தரவைப் பற்றி இரண்டு வரியும், எந்த மாதம் முதல் வர முடியும் என்பதும் இருந்தால் போதும்.

இங்கே நீங்கள் செய்யப்போகும் வேலை என்னவென்று இரண்டு உதாரணம். டிரான்செக்ட் என்றால் காட்டில் நேர்கோடாக வெட்டிய பாதை. விடிகாலையில் சத்தமில்லாமல் அதில் நடந்து, கடமானோ காட்டெருமையோ கண்ணில் பட்டால் எத்தனை, எவ்வளவு தூரம், எந்தக் கோணம் என்று குறிக்க வேண்டும். அதிலிருந்து அந்த விலங்கு பாதையிலிருந்து எவ்வளவு விலகி நின்றது என்று கணக்கிடலாம். பாதைக்குத் தூரத்தில் நிற்கும் விலங்குகளில் பல நம் கண்ணில் படாது. தூரம் கூடக்கூட எவ்வளவு தவறவிடுகிறோம் என்று தெரிந்தால், பார்க்காததையும் சேர்த்து மதிப்பிட முடியும். அதனால்தான் தூரத்தைக் குத்துமதிப்பாக எழுதாமல் கருவி வைத்து அளக்கச் சொல்லிக் கெடுபிடி செய்வார்கள்.

மற்றொன்று கேமரா டிராப். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் புலிக் கணக்கெடுப்பில் பாதையின் இரண்டு பக்கமும் எதிரெதிராகக் கேமரா கட்டுவார்கள். புலியின் இடது பக்கக் கோடும் வலது பக்கக் கோடும் வேறு வேறு. இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்தால்தான் இது இன்ன புலி என்று உறுதி செய்ய முடியும். முழங்கால் உயரத்தில் கட்டி, எதிரே இருக்கும் புல்லை அறுத்துவிட வேண்டும். அறுக்காவிட்டால் காற்றில் ஆடும் புல்லின் ஆயிரம் படங்களைப் பார்க்கும் வேலையும் உங்களுக்கே வரும். 2022 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 306 புலிகள் என்று வந்ததே, அந்த எண்ணுக்குப் பின்னால் இப்படிப் படம் பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள் இருக்கிறார்கள்.

எல்லாமே பெருவிலங்கு என்று இல்லை. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் 2022-ல் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. முள்காட்டில் இரவில் சிவப்புத்தாள் ஒட்டிய விளக்கோடு நடந்து, மின்னும் கண்களை எண்ணுகிற வேலை அது. அதே ஆண்டு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுப் பாதுகாப்பகம் ஆனது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு ஆட்கள் குவிகிறார்கள். முள்காடு, கண்மாய், கடல்புல், பனங்காடு இவற்றில் வேலை செய்ய ஆள் குறைவு, விடை தெரியாத கேள்விகளோ ஏராளம். புதியவர் ஒருவர் பெயர் எடுக்க வேண்டுமென்றால் அங்கேதான் போகச் சொல்வேன்.

சேர்வதற்கு முன் கேட்க வேண்டியவற்றைக் கூச்சப்படாமல் கேளுங்கள். மாதச் சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில் வரும்? தங்குமிடம், சாப்பாடு யார் செலவு? விபத்துக் காப்பீடு உண்டா? அருகில் உள்ள மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம், வண்டி இருக்கிறதா? பெண்கள் தங்கும் இடத்தில் தனி அறையும் கழிப்பறையும் உண்டா, புகார் என்றால் யாரிடம் சொல்வது? கட்டுரை வந்தால் உங்கள் பெயர் எங்கே வரும்? இவற்றுக்கு எரிச்சல்படுகிற இடத்துக்குப் போகாதீர்கள்.

அனுமதி பற்றி ஒரு பத்தியாவது சொல்லியாக வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் ஆய்வு செய்யத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். விலங்கைப் பிடிப்பதென்றால் அனுமதி இன்னும் கடினம், சட்டம் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணை விலங்கு என்றால் மத்திய அரசு வரை போகும். "சாணம்தானே எடுக்கிறோம்" என்று நினைத்துவிடக் கூடாது, அதுவும் அனுமதிக் கடிதத்தில் இருக்க வேண்டும். கடிதம் வர மாதக்கணக்காகும். அதன் நகல் எப்போதும் பையில் இருக்கட்டும். சரகம் மாறும்போதெல்லாம் ரேஞ்சரை நேரில் பார்த்து, எந்தப் பக்கம் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். அதில் மரியாதையும் இருக்கிறது, ஆபத்தில் தேட ஆள் வரும் என்ற பாதுகாப்பும் இருக்கிறது.

உடம்பைப் பற்றி

புதியவர்கள் பயப்படுவது புலிக்கும் பாம்புக்கும். பயப்பட வேண்டியது யானைக்கு. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நடங்கள். மூங்கில் புதரும் உன்னிச்செடியும் அடர்ந்த வளைவில் நின்று, கேட்டுவிட்டு நகருங்கள். காதில் எதையும் மாட்டிக்கொள்ளாதீர்கள். உடன் வரும் காவலர் நில் என்றால் நில்லுங்கள், ஓடு என்றால் ஓடுங்கள், காரணத்தைப் பிறகு கேட்கலாம்.

பாம்பு கடித்தால் கீறுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல், விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் கூன்மூக்குக் குழிவிரியனின் விஷத்துக்கு இந்தியாவில் கிடைக்கும் மருந்து வேலை செய்வதில்லை. அதனால் இலைச்சருகில் கை வைக்குமுன் குச்சியால் விலக்கிப் பார்ப்பது பழக்கமாகட்டும். அட்டையால் தொந்தரவுதான், ஆபத்தில்லை. முழங்கால் வரை வரும் அட்டை சாக்ஸும் கொஞ்சம் மூக்குப்பொடியும் போதும்.

அதிகம் பேசப்படாதது உண்ணிக்காய்ச்சல் என்கிற ஸ்க்ரப் டைபஸ். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து, ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல் வரும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுப்புப் பொருக்கு இருக்கலாம். எளிதில் கிடைக்கும் டாக்சிசைக்ளின் மருந்தில் குணமாகிவிடும், ஆனால் டாக்டருக்குச் சந்தேகம் வர வேண்டும். ஊருக்கு வந்து காய்ச்சலில் படுத்தால் "காட்டில் வேலை செய்துவிட்டு வந்திருக்கிறேன்" என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

காட்டுக்காரர்களிடம் கற்பது

எந்த ஆய்வு நிலையத்திலும் உண்மையான ஆசிரியர்கள் காடர், இருளர், காட்டுநாயக்கர், மலசர், காணி சமூகங்களிலிருந்து வரும் காவலர்களும் உதவியாளர்களும்தான். சென்னைக்கு வெளியே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2017-ல் மலைப்பாம்பு தேடும் வேலைக்காக அமெரிக்காவின் ஃபுளோரிடா வரை அழைக்கப்பட்டார்கள். 2023-ல் பத்மஸ்ரீயும் வந்தது. அந்த அளவுக்குத் தெரிந்தவர்கள் உங்களுக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள்.

வயதில் பெரியவரை அண்ணா, ஐயா என்று கூப்பிடுங்கள். படித்த திமிரில் ஒருமையில் பேசினால் அன்றோடு பாடம் நின்றுவிடும். அவர் சொன்ன பெயரை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், அந்த வட்டாரத்தில் அதுதான் சரியான பெயர். அவர் காட்டிய கூட்டை 'நான் கண்டுபிடித்தேன்' என்று எழுதாதீர்கள். அறிக்கையில் அவர் பெயர் வர வேண்டும், கூலி தாமதமானால் அவருக்காகக் கேட்க வேண்டியவரும் நீங்கள்தான். வேட்டைத் தடுப்புக் காவலர்களின் சம்பளம் எவ்வளவு என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள், உங்கள் உதவித்தொகையைப் பற்றிப் புலம்பத் தோன்றாது.

பாதுகாப்பு வேலை என்றால் அதில் முக்கால்வாசி மனிதர்களோடுதான். வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே யானைகள் நடமாடுகின்றன. எந்தப் பிரிவில் யானை நிற்கிறது என்பதைக் குறுஞ்செய்தியாகவும், உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஓடும் எழுத்தாகவும், மேட்டில் எரியும் சிவப்பு விளக்காகவும் தொழிலாளர்களுக்குச் சொல்லும் ஏற்பாட்டை ஆய்வாளர்கள் அங்கே கொண்டுவந்தார்கள். யானைகள் எந்த நேரத்தில் எங்கே போகின்றன என்று வருடக்கணக்கில் எடுத்த குறிப்புகள் அதற்கு அடிப்படை. ஆனால் அது நடைமுறைக்கு வந்தது பஸ் டிரைவரோடும் லயன் வீடுகளில் இருக்கும் பெண்களோடும் எஸ்டேட் மேனேஜரோடும் உட்கார்ந்து பேசியதால். தமிழ் சரளமாகப் பேசுவது இந்தத் துறையில் ஒரு தகுதி. பயோடேட்டாவில் அதை எழுதுங்கள்.

அரசு வழி

யூ.பி.எஸ்.சி. நடத்தும் இந்திய வனப்பணிக்கு 21 முதல் 32 வயது, அறிவியல், பொறியியல், வேளாண்மை, வனவியல், கால்நடை மருத்துவம் போன்ற பட்டம். முதல்நிலைத் தேர்வு ஐ.ஏ.எஸ்.காரர்களோடு சேர்த்துத்தான். கடைசி வரை தேறினால் 4 மணி நேரத்தில் ஆண்கள் 25 கிலோமீட்டரும் பெண்கள் 14 கிலோமீட்டரும் நடந்து காட்ட வேண்டும். மாநிலத்தில் டி.என்.பி.எஸ்.சி. வழியாக உதவி வனப் பாதுகாவலர், வனவர் பணிகள். வனக்காப்பாளர், வனக்காவலர் பணியிடங்கள் 2024 முதல் குரூப் 4 தேர்வோடு சேர்ந்துவிட்டன. ஆய்வு செய்யும் ஆசையில் இந்த வழிக்கு வராதீர்கள், கோப்பும் வழக்கும் தீயும்தான் அன்றாடம். ஆனால் ஒரு நல்ல ரேஞ்சர் ஐந்து வருடத்தில் காப்பாற்றும் காட்டைப் பத்து ஆய்வுக் கட்டுரை காப்பாற்றாது.

கற்பித்தல்

உச்சநீதிமன்றம் 1991-ல் சொன்ன பிறகு சூழல் கல்வி எல்லா மட்டத்திலும் கட்டாயப் பாடம் ஆனது. கல்லூரிகளில் இளங்கலை மாணவர் எல்லோருக்கும் அந்தத் தாள் உண்டு. நடைமுறையில் யாருக்கு நேரம் காலியாக இருக்கிறதோ அவர் தலையில் விழும் பாடமாகவும் அது இருக்கிறது. களம் தெரிந்தவர்களுக்கு இங்கே இடம் இருக்கிறது. கல்லூரியில் சேர யூ.ஜி.சி. நெட் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியல் தனிப் பாடமாகவே உள்ளது. பள்ளிக்கு பி.எட். இவை இல்லாமலும் தனியார் பள்ளிகள், அறக்கட்டளைகள், அகமதாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சூழல் கல்வி மையம், சென்னையின் சி.பி.ஆர். சூழல் கல்வி மையம் போன்றவற்றில் பயிற்றுநர் வேலைகள் உண்டு.

பழகுவதற்குப் பக்கத்து அரசுப் பள்ளியின் தேசிய பசுமைப் படை என்கிற சூழல் மன்றத்தை நடத்தும் ஆசிரியரைப் பாருங்கள். அவர் தனியாகத் திண்டாடிக்கொண்டிருப்பார், உங்களை வரவேற்பார். தலைமையாசிரியரின் அனுமதி வாங்கிவிட்டு நாற்பது நிமிட வகுப்பு ஒன்று கேளுங்கள். பிரசன்டேஷன் வேண்டாம், அழிந்துவரும் பனிக்கரடியும் வேண்டாம். பிள்ளைகளை மைதானத்தில் இருக்கும் புங்கை மரத்தடிக்கு அழைத்துப்போங்கள். நான்கு பேருக்கு ஒரு கிளை. கொழுந்து, முற்றிய இலை, பூ, காய் எவ்வளவு இருக்கிறது என்று அவர்களே எழுதட்டும். அடுத்த வாரமும் அதே கிளை. சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் இப்படி எடுத்த குறிப்புகளை நாடு முழுவதுமிருந்து பள்ளிகள் அனுப்புகின்றன, உங்கள் பள்ளியும் சேரலாம். ஒரு பையன் "சார், இந்தக் கிளையில மட்டும் ஏன் எறும்பு?" என்று கேட்டால் விடை தெரிந்தாலும் சொல்லிவிடாதீர்கள். "எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று திருப்பிக் கேளுங்கள்.

பறவைப் பெயரை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவது புதிய பயிற்றுநர்களின் வியாதி. ஒரு வகுப்புக்கு இரண்டு பெயர் போதும், மூன்றாவதைப் பிள்ளைகள் சொல்வார்கள், வீட்டில் அப்பத்தா சொன்ன பெயராக இருக்கும்.

பணம்

மத்திய அறிவியல் துறை இளநிலை ஆய்வாளர்களுக்குத் தரும் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், வாடகைப்படி தனி. அது நெட் தேறி, திட்டத்தில் இடமும் கிடைத்தவர்களுக்கு. மற்ற களவேலைகளில் இதைவிடக் கணிசமாகக் குறைவாகவே கிடைக்கும். இரண்டு திட்டங்களுக்கு நடுவே சம்பளமே இல்லாத மாதங்கள் வரும். வீட்டில் கடன் இருந்தால், தம்பி தங்கை படிப்பு உங்கள் பொறுப்பு என்றால், முழுநேரமாகக் குதிக்காமல் ஆசிரியர் வேலையிலோ வேறு வேலையிலோ இருந்துகொண்டு ஏரிக் கணக்கைத் தொடருங்கள். தமிழ்நாட்டின் பறவைத் தரவுகளில் பெரும்பகுதி அப்படிப்பட்டவர்கள் கொடுத்தது, அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. வேலையை விட்டுவிட்டுத்தான் வருவேன் என்றால் ஆறு மாதச் செலவுக்கான பணத்தை வங்கியில் வைத்துவிட்டு வாருங்கள்.

ஒப்பந்தம் முடியும் மாதத்தில் செய்ய வேண்டிய காரியங்கள் சில உண்டு. தரவுத் தாள்களை ஸ்கேன் செய்து ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்கு மின்னஞ்சலில் ஒரு வரி வாங்குங்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்னென்ன வேலை செய்தீர்கள் என்று குறிப்பிட்ட அனுபவச் சான்றை நிலையத்தை விட்டுக் கிளம்பும் முன்பே கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஊருக்குப் போய்க் கேட்டால் தலைவர் வேறு காட்டில் இருப்பார், அங்கே சிக்னல் இருக்காது.